மகளுக்குக் கொடுத்தனுப்பிய மஞ்சள்தூள்: திரும்பப் பெற்ற பொருள்களின் பட்டியலில் எப்படித் தேடுவது?

கோபி அம்மிச்சி:

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். இது அவளுக்கு ஆறாம் மாதம். போன வாரம் பரிசோதனையில் இரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதலாக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். "ஊரிலிருந்து மசாலாத் தூள் ஏதாவது வந்ததா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வியாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தூளைக் கொடுத்தனுப்பியவள் நான்தான்.

இரண்டு வகை அனுப்பினேன். ஒன்று, விரலி மஞ்சள் 2 கிலோ வாங்கி, மொட்டை மாடியில் நான்கு நாள் காயவைத்து, மில்லில் அரைத்தது. இன்னொன்று, சொந்தக்காரர் கிளம்புகிற அவசரத்தில் ஈரோட்டில் ஒரு கடையில் வாங்கிய அரைக் கிலோ பாக்கெட். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டாளாம்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் இணையதளத்தில் இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். ஈயம் இருந்ததால் 2016-இல் சில மஞ்சள்தூள்களைத் திரும்பப் பெற்றதாகத் தெரிகிறது. நான் வாங்கிய பாக்கெட்டின் பெயர் எங்கும் இல்லை. இல்லை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? நம் நாட்டுக்கு இப்படி ஒரு பட்டியல் உண்டா? அதே பாக்கெட் இன்னொன்று வீட்டில் இருக்கிறது. அதில் 124 என்று தொடங்கும் 14 இலக்க எண் அச்சாகியிருக்கிறது. அதை வைத்து ஏதாவது பார்க்க முடியுமா?

பெருந்துறைக்காரன்:

அம்மா, நான் மசாலா ஏற்றுமதி ஆலையில் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுக் கடையில் வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போன பாக்கெட் அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சரக்கைத்தான் அங்கே திரும்பப் பெறுவார்கள். அதுவும் அங்கே விற்ற நிறுவனத்தின் பெயரிலும், ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்கு இடும் லாட் எண்ணிலும் பதிவாகும். ஆகவே நீங்கள் தேடிக் கிடைக்காததை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

அங்கேயே கடையில் வாங்கியது ஏதாவது இருந்தால் மகளைத் தேடச் சொல்லுங்கள். முகப்பில் இருக்கும் பட்டியலில் அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகள்தான் இருக்கும். பழையவற்றுக்கு வாரந்தோறும் வெளியாகும் அமலாக்க அறிக்கைகளில் தேட வேண்டும். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று போட்டிருப்பார்கள். முதல் வகுப்புதான் மிக ஆபத்தானது. சாப்பிட்டவர்களும் மருத்துவர்களும் அனுப்பிய புகார்களுக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது. புகார் வந்திருக்கிறது என்பதாலேயே பொருள் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஐரோப்பாவின் எச்சரிக்கைத் தளம் வேறு மாதிரி. எந்த நாட்டுச் சரக்கு, என்ன நச்சு, எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். நிறுவனத்தின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிகொல்லி வாயுவின் எச்சம் இருப்பதாக பெல்ஜியம் அதில்தான் அறிவித்தது. எள் வியாபாரத்தில் இருப்பவர்கள் அந்த மாதத்தை மறக்க மாட்டார்கள்.

இனி உங்கள் 14 இலக்க எண். முதலில் உள்ள 1 என்றால் உரிமம், 24 தமிழ்நாடு, அடுத்த இரண்டு இலக்கம் உரிமம் கொடுத்த ஆண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் எண்ணை இட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். தூளில் என்ன இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. பொருளைத் திரும்பப் பெறுவதற்கு நம் நாட்டிலும் 2017 முதல் தனி விதிமுறை இருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தளத்தைப் போலப் பொருள்வாரியாகப் புகார்களைத் தேடிப் பார்க்கும் இடம் எதையும் நான் இங்கே கண்டதில்லை. எனக்கு இது பெரிய குறை.

இன்னொன்று. நம் விதிப்படி மஞ்சளில் ஈயம் 10 பிபிஎம் வரை இருக்கலாம், அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஈய குரோமேட் என்ற சாயம் மட்டும் துளியும் இருக்கக் கூடாது. கர்ப்பிணி சாப்பிடும் தூளுக்கு அந்த 10 மிக அதிகம் என்றே நான் நினைக்கிறேன். அந்த டப்பாவை இன்றே ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள்.

காளிங்கராயன் கரை:

கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போடுகிறேன். தோண்டி, வேகவைத்து, களத்தில் காயவைத்து, டிரம்மில் பாலிஷ் போடும்வரை மஞ்சளுக்குள் ஈயம் சேர்க்க விவசாயிக்கு ஒரு காரணமும் கிடையாது. மங்கலாக இருக்கும் பழைய சரக்குக்கு நிறம் ஏற்றுகிறவர்கள்தான் பாலிஷின்போது சாயம் தூவுகிறார்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அதே மஞ்சளை ஒரு கர்ப்பிணி பயந்துகொண்டு பார்க்கிறாள் என்று படிக்கும்போது மனது வலிக்கிறது.

அம்மா, அரைக்காத விரலி மீதி இருக்கிறதா? கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒன்றைப் போடுங்கள். போட்ட உடனே பளிச்சென்று மஞ்சள் நிறம் இறங்கினால் சாயம் ஏற்றியது. சாயம் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, ஆய்வகம்தான் போக வேண்டும்.

சிங்காநல்லூர் செவிலி:

அக்கா, எல்லோரும் மஞ்சளையே பார்க்கிறீர்கள். சீரோடு பாத்திரம் ஏதாவது அனுப்பினீர்களா? ஈயச் சொம்பு, பித்தளைச் சட்டி, இண்டாலியம்? ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. இரத்தத்தில் பார்த்த ஈயம் காரீயம், அது வேறு. அது கலந்திருந்தால் புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். இந்தியாவிலிருந்து போன சில சமையல் பாத்திரங்களில் ஈயம் கசிகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்திருக்கிறது. அதே தளத்தில் பாத்திரம் என்று தேடுங்கள். தாய் உடம்பில் சேர்ந்த ஈயம் பிள்ளைக்கும் போகும். மஞ்சள், சொம்பு, குங்குமம், கண்மை, நாட்டு மருந்து என்று ஒன்று விடாமல் எழுதி மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கோபி அம்மிச்சி:

தங்கச்சி, உன் பதிலைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஈயச் சொம்பு அனுப்பினேன். கோயம்புத்தூரில் வாங்கியது. மசக்கையில் வேறு எதுவும் தங்கவில்லை என்று மூன்று மாதமாக அவள் தினமும் அதில்தான் ரசம் வைத்துக் குடித்திருக்கிறாள். நேற்று இரவு வீடியோவில் சொம்பின் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அடியில், ரசம் நிற்கும் மட்டம்வரை, சாம்பல் நிறத்தில் மங்கிப்போய்ச் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கின்றன. அதற்கு மேலே புதிதுபோலப் பளபளக்கிறது. அந்தக் கோட்டை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சொம்பையும் மஞ்சள் டப்பாவையும் தனித்தனிப் பையில் கட்டி வைத்துவிட்டாள். மருத்துவரிடம் பட்டியல் கொடுத்தாயிற்று. மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம்.

காளிங்கராயன் கரை தம்பிக்கு: விரலியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நிறம் இறங்கவில்லை. பாக்கெட்டின் எண்ணையும் இட்டுப் பார்த்தேன், உரிமம் நடப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் பாக்கெட்டைச் சோதிக்காமல் விடமாட்டேன். பொதுமக்களே எப்படி மாதிரி கொடுப்பது, பெருந்துறைத் தம்பி?

பெருந்துறைக்காரன்:

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-இல் அதற்கு இடம் இருக்கிறது அம்மா. வாங்கும்போதே கடைக்காரரிடம் "சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். அதனால் வீட்டில் இருப்பது உதவாது, புதிதாக வாங்குங்கள். கட்டணம் உண்டு. பொருள் விதிக்கு மாறாக இருந்தால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் இருக்கிறது. சட்டப்படி 14 நாளில் அறிக்கை தர வேண்டும். ஈயத்தின் அளவு எத்தனை பிபிஎம் என்று எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். "விதிக்கு உட்பட்டது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது 1-ஆ 9-ஆ என்று உங்களுக்குத் தெரியாது.

கோபி அம்மிச்சி:

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஈரோடு போகிறேன். அதே கடை, அதே பாக்கெட். எதற்கு வாங்குகிறேன் என்று அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லித்தான் வாங்குவேன். எண் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். சொம்பின் படத்தையும் போடுகிறேன். வீட்டில் ஈயச் சொம்பு வைத்திருப்பவர்கள் உள்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.