ஸ்கேனரில் கன்ட்ரோல் சேனல் கிடைக்கிறது, பேச்சு வரவில்லை: 800 மெகாஹெர்ட்ஸ் மாற்றமா?

செந்தில்_பிஏ | 12 அக்டோபர் 2012

பென்சில்வேனியாவில் இருக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவருக்கு வயது 81. முப்பது வருடம் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருந்தவர். இப்போது வெளியே போக முடியாது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் கட்டில் பக்கத்தில் ஸ்கேனரை (போலீஸ், தீயணைப்பு ரேடியோ பேச்சைக் கேட்கும் செட்) ஓடவிட்டு, தன் பழைய நிலையத்து வண்டிகள் எங்கே போகின்றன என்று கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று வாரமாக அது ஊமை. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய யூனிடன் ட்ரங்கிங் மாடல் (பல துறைகள் சில அலைவரிசைகளை மாறி மாறிப் பகிர்ந்து பேசும் சிஸ்டத்தைப் பின்தொடரும்). கவுன்டியில் ஓடுவது அனலாக் மோட்டரோலா சிஸ்டம்.

866-இல் இருந்ததெல்லாம் 15 மெகாஹெர்ட்ஸ் கீழே போய்விட்டது என்று கேள்விப்பட்டு, அவர் ஒட்டிவைத்திருந்த பட்டியலில் ஒவ்வொன்றிலும் 15 கழித்துப் போட்டேன். கன்ட்ரோல் சேனல் (எந்தக் குழு எந்தச் சேனலில் பேசுகிறது என்று டேட்டாவாகச் சொல்லும் சேனல்) கிடைக்கிறது, டாக்குரூப் (பேசும் குழு) எண்கூட வருகிறது. பேச்சு வர வேண்டிய இடத்தில் கர்ரென்று இரைச்சல்தான். அப்போது எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று பார்த்தால் 862.0125. நான் அதைப் போடவே இல்லை. செட் கெட்டுவிட்டதா?

ஆன்டெனா_மூர்த்தி

செட் நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கன்ட்ரோல் சேனல் அலைவரிசையைச் சொல்வதில்லை, ஒரு சேனல் எண்ணை மட்டும் சொல்லும். அந்த எண் எந்த அலைவரிசை என்ற கணக்கு ஸ்கேனருக்குள் எழுதியிருக்கிறது. பழைய கணக்கு 851.0125-இல் தொடங்கி, எண்ணுக்கு 0.025 கூட்டிக்கொண்டே போகும். 440-ஐப் போட்டுப் பாருங்கள்: 11 கூடி 862.0125. நீங்கள் பார்த்த அதே எண்! புதிய கணக்கில் 440 என்றால் 851.0250. உங்கள் தீயணைப்புக்காரர்கள் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 862-க்கு மேலே இருப்பது செல்போன் கம்பெனி நெக்ஸ்டெல். அந்தக் கர்ர் அவர்களுடையதாக இருக்கும்.

முன்பு 800-இல் போலீஸ், தீயணைப்பு சேனல்களும் நெக்ஸ்டெல் சேனல்களும் கலந்து கிடந்தன. நெக்ஸ்டெல் கோபுரத்தை ஒட்டிப் போனால் போலீஸ்காரர் கையிலுள்ள ரேடியோ செத்துவிடும். அதனால்தான் இரண்டையும் பிரித்துவைக்க எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) 2004-இல் உத்தரவு போட்டது. 866–869-இல் இருந்தவர்கள் 851–854-க்கு இறங்க வேண்டும். 2005-இல் தொடங்கி 36 மாதத்தில் முடிப்பதாகத் திட்டம். ஏழு வருடம் ஆகியும் இன்னும் நடக்கிறது.

2008-இல் என் செட் ஊமையானபோது எனக்கும் கோபம் வந்தது. ஆனால் புகைக்குள் மாட்டிக்கொண்டவர் கூப்பிடும் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் என் ஸ்கேனர் பெரிதில்லை. இந்த மாற்றம் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிசிடி396டி போன்ற மாடல்களுக்குப் புதிய கணக்கு உள்ள ஃபர்ம்வேரை (செட்டுக்குள் ஓடும் மென்பொருள்) யூனிடன் கொடுத்தது; கணினியில் இணைத்து ஏற்றிவிடலாம். பெரியவரின் செட் அதற்கு முந்தையது, அது நடக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ட்ரங்கிங்கை அணைத்துவிட்டு, புதிய அலைவரிசைகளைச் சாதாரண சேனலாகப் போட்டு ஸ்கேன் ஓடவிடுங்கள். அன்றைக்கு எது கன்ட்ரோல் சேனலோ அதை மட்டும் லாக்அவுட் செய்யுங்கள் (ஸ்கேன் அதைத் தாண்டிப் போய்விடும்), இல்லையென்றால் அந்த டேட்டா சத்தத்திலேயே நின்றுவிடும். குறை ஒன்று: டாக்குரூப் பிரிக்க முடியாது. பள்ளிப் பேருந்து, சாலை வேலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வருவார்கள்.

விஎச்எஃப்_ராணி

மூர்த்தி அண்ணா சொன்னது மோட்டரோலா அனலாக்குக்கு. பி25 என்ற டிஜிட்டல் முறை என்றால் இந்தத் தொல்லை இல்லை, அலைவரிசைக் கணக்கையும் கன்ட்ரோல் சேனலே அனுப்பிவிடும்.

அப்புறம், அந்தப் பெரியவர் விஎச்எஃப் (800-க்கு வெகு கீழே உள்ள அலைவரிசைகள்) சேனல் ஏதாவது கேட்கிறாரா? 2013 ஜனவரி 1-க்குள் பெரும்பாலான விஎச்எஃப், யுஎச்எஃப் பயனர்கள் சேனல் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5-க்குக் குறைக்க வேண்டும். பழைய செட்டில் சத்தம் குறைந்து கேட்கும். காது மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளப் போகிறார், முன்பே சொல்லி வையுங்கள்.

செந்தில்_பிஏ | 14 அக்டோபர்

மூர்த்தி அண்ணா, வேலை செய்கிறது! நேற்று இரவு உட்கார்ந்து ஐந்து அலைவரிசைகளையும் போட்டேன். முதல் அரை மணி நேரம் பனிக்கு உப்பு வாங்குவதைப் பற்றியே யாரோ பேசினார்கள். பத்தரைக்கு அவருடைய நிலையத்து எஞ்சினைக் கூப்பிட்டார்கள், எங்கோ புகைபோக்கியில் தீ. பதில் சொன்ன குரலைக் கேட்டதும், 'இவனுக்கு ஏணி ஏறக் கற்றுக்கொடுத்தது நான்' என்றார்.

ராணி, அவருடைய பேஜர் சேனல் விஎச்எஃப்தான். நாளை போய்ச் சொல்கிறேன்.

அண்ணா, லாக்அவுட் செய்த கன்ட்ரோல் சேனல் இன்று காலை வேறொன்றுக்கு மாறிவிட்டது. தினமும் மாறுமா? அப்படியென்றால் அந்தப் பொத்தானை அவரே அழுத்த ஒரு பெரிய எழுத்துக் குறிப்பு எழுதி ஒட்ட வேண்டும்.

ஆன்டெனா_மூர்த்தி

பல இடங்களில் தினமும் மாறும். குறிப்பை எழுதி ஒட்டிவிடுங்கள். என்னிடம் ஒரு பிசிடி396டி சும்மா கிடக்கிறது, புதிய ஃபர்ம்வேர் ஏற்றியது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.