மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக் குவிப்பதை எப்படி நிறுத்துவது?

பாலைப்பழம் (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில், போரில் அவயவங்களை இழந்தவர்களுக்காக இயங்கும் ஒரு தொண்டு அமைப்பு சிறு கடை ஒன்றை நடத்துகிறது. வெளிநாட்டிலுள்ள உறவுகள் பெட்டி போட்டு அனுப்பும் பாவித்த உடுப்புகளும் வீட்டுச் சாமான்களும் அங்கே விற்கப்படுகின்றன. சட்டை 150 ரூபா, நல்ல களுசான் 300 ரூபா, பீங்கான் கோப்பை 80 ரூபா என்ற கணக்கில்தான் விலை இருக்கும்.

2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் பால்மாவும் சவர்க்காரமும் எட்டாத விலைக்கு ஏறிய நாளிலிருந்து, புதுச் சாமான் விற்கும் கடைகளில் நான் மிகவும் கையிறுக்கமாக இருந்து வருகிறேன். ஆனால் இந்தக் கடைக்குள் போனால் மட்டும் என் கை என் சொல் கேட்பதில்லை. சென்ற மாதம் கொப்பி ஒன்றில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது நான்கு மாதங்களில் 11,640 ரூபா செலவாகியிருந்தது. ஒரு நாளாவது 700 ரூபாவுக்கு மேல் கொடுத்ததாக நினைவில்லை.

இந்தக் கேள்வியை எழுத வைத்தது ஒரு கோட். கடும் நீலக் கம்பளி, உள்ளே வழுவழுப்பான துணி வைத்துத் தைத்தது, எனக்கு முழங்காலுக்குக் கீழே வரும். கழுத்துப்பட்டியில் லண்டன் கடையொன்றின் விலைச்சீட்டு பிளாஸ்டிக் நூலோடு அப்படியே தொங்கியது: 6 பவுண். அதை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்த கணத்திலேயே நான் தோற்றுவிட்டேன். எங்கள் கடையில் அதற்கு 350 ரூபாதான் போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி வியர்த்து வழிய வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, "இது ஆருக்கு?" என்று கணவர் கேட்டார். "நல்ல தரமான துணி" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

இறப்பர் வளையம் இல்லாத பிரஷர் குக்கர் ஒன்றும், மூடி பொருந்தாத தேநீர்ச் சாடி ஒன்றும்கூட அலுமாரிக்கு மேல் இருக்கின்றன. வாங்கும்போதெல்லாம், காசு நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கடைக்குப் போவதை முற்றாக நிறுத்தவும் விருப்பமில்லை. இதே பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் எப்படி மீண்டீர்கள்?

கனகராயன் (லண்டன், சொந்த இடம் மாங்குளம்) எழுதியது:

வணக்கம் அக்கா. அந்தக் கோட்டைப் போன்ற நூற்றுக்கணக்கானவற்றுக்கு விலைச்சீட்டுக் குத்திய கை என்னுடையது. இங்கே ஒரு தொண்டுக் கடையில் சனிக்கிழமைகளில் சம்பளமின்றி வேலை செய்கிறேன். ஆகவே கடையின் பின்னறையில் நடப்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும்.

பிரித்தானியாவில் இந்தக் கடைகள் நேற்று முளைத்தவை அல்ல. 1942இல் தொடங்கிய ஒக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு, ஒக்ஸ்போர்டின் புரோட் வீதியில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ஒரு கடையைத் திறந்துவிட்டது. இன்று நகரத்துக் கடைத்தெருவொன்றில் இப்படி நான்கைந்து கடைகள் வரிசையாக இருப்பது சாதாரணம். சாமான்கள் இலவசமாக வருகின்றன, வேலையாட்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். சாமான் கொடுப்பவர் வருமான வரி கட்டுபவராக இருந்து, கிஃப்ட் எயிட் திட்டத்தில் கையெழுத்தும் வைத்திருந்தால், அவருடைய சாமான் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அரசிடமிருந்து அமைப்பு மேலதிகமாகப் பெறலாம்.

பின்னறையில் கறுப்புப் பைகள் கூரை முட்டக் கிடக்கும். ஒரு பையை அவிழ்த்தால் மூன்று உடுப்புத்தான் விற்பனைக்கு ஏறும். எங்கள் கடையில் விலைச்சீட்டில் அது வருடத்தின் எத்தனையாவது கிழமை என்பதையும் எழுதுவோம், சில கிழமைகளுக்குள் போகாவிட்டால் கழற்றி எடுத்துவிடுவோம். எடுத்தவை நிறை கணக்கில் பழந்துணி வியாபாரிகளுக்குப் போகும். இந்த நாட்டுப் பழந்துணி கானாவுக்கும் பாகிஸ்தானுக்கும்கூடக் கப்பலேறுகிறது. "நான் எடுக்காவிட்டால் இவ்வளவு நல்ல பொருள் வீணாகிவிடுமே" என்று அதன் முன்னால் நின்று இரங்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்தாலும் அது வீணாகக் கிடப்பதுதான்.

நானும் தப்பவில்லை. முதல் வருடத்தில் பதினான்கு கோப்பைகள் வாங்கினேன், வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர். என்னைக் காப்பாற்றியது எங்கள் கடையின் ஒரு விதி. தொண்டர்கள் பின்னறையில் கண்ட பொருளை அங்கேயே வாங்கக்கூடாது, அது கடைக்குள் ஏறி மற்றவர்கள் பார்க்கும்படி ஒரு முழு நாளாவது இருந்த பின்னரே வாங்கலாம். முறைகேடு நடக்காதிருக்கப் போட்ட விதி அது. ஆனால் அடுத்த சனிக்கிழமை போகும்போது, போன கிழமை உயிரையே கொடுக்கலாம் போலிருந்த பொருளை அநேகமாக நான் மறந்தே போயிருப்பேன். நீங்களும் கண்ட அன்று வாங்காமல், பெயரை மட்டும் அந்தக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து பாருங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊருக்குப் பெட்டி போடும்போது இடம் மிஞ்சினால், அதை நிரப்புவதற்காகவே இங்கே மலிவாக எதையாவது வாங்கித் திணித்து அனுப்புகிறோம். அப்படித்தான் கிளிநொச்சிக்குக் கம்பளிக் கோட் வந்து சேர்கிறது.

குளக்கட்டு (புதுக்குடியிருப்பு) எழுதியது:

தங்கச்சி, தம்பி சொன்ன வழி நல்லதுதான். ஆனால் நீங்கள் இதைக் கெட்ட பழக்கம் என்று மட்டும் பார்ப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2008இல் போர் நெருங்கி, கிளிநொச்சிப் பக்கமிருந்து சனம் கிழக்கே நகர்ந்தபோது, கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும்கூடக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அடுத்தடுத்த இடப்பெயர்வில் பெட்டி போய்ப் பை மிஞ்சியது, கடைசியில் பையும் இல்லை. போர் முடிவில் எங்களைத் தங்கவைத்த செட்டிகுளத்து முகாமில் நிவாரணமாக வந்த உடுப்பு மூட்டையிலிருந்து, அளவும் நிறமும் பாராமல், கையில் அகப்பட்டதை உடுத்தியவர்கள் நாங்கள். அப்படியிருந்தவர்களுக்கு, காசு கொடுத்து, தொங்கவிட்ட இருபது சட்டைகளில் ஒன்றைத் தானே தெரிந்தெடுப்பது சாதாரண சந்தோசம் அல்ல. நானும் அலுமினியச் சட்டியைக் கண்டால் கடந்து போகமாட்டேன். என்னிடம் ஒன்பது சட்டிகள் இருக்கின்றன, அடுப்பு இரண்டுதான்.

இதைச் சொல்வது உங்களுக்கு அனுமதி தருவதற்காக அல்ல. காரணம் பயமாக இருந்தால், "ஆசையை அடக்கு" என்று மனதை அதட்டுவதால் பயன் கிடைக்காது. பயத்துக்குத் தேவை கையிருப்பு. எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் பல வருடம் பொருளாளராக இருந்தேன். காலபோக நெல் விற்ற கையோடு, மாசி பங்குனியில், பெண்கள் சாமான் வாங்கிக் குவிப்பதையும், ஐப்பசி கார்த்திகையில் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் அதே பெண்கள் சுழற்சிக் கடன் கேட்டு வருவதையும் ஒவ்வொரு வருடமும் கண்டேன். புத்தி சொன்னபோது ஒருவரும் மாறவில்லை. கிழமைக்கு ஐம்பது ரூபா என்று சேமிப்புப் புத்தகத்தில் போடத் தொடங்கி, அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் வந்த சிலர்தான் மாறினார்கள். அலுமாரியைப் பார்த்து வருகிற தைரியம் அவர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்து வரத் தொடங்கியது.

குக்கருக்கான வளையம் தனியாகவே விற்பார்கள். மூடியைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். அதையாவது பாவிக்கலாம்.

வீரைமரம் (முல்லைத்தீவு) எழுதியது:

மற்றவர்கள் மென்மையாக எழுதிவிட்டார்கள். நான் ஒரு விடயத்தை நேராகக் கேட்கிறேன். அமைப்புக்கு உதவுவதுதான் நோக்கமென்றால், மாதம் 500 ரூபாவை உண்டியலில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பலாமே? அப்படித் திரும்ப மனம் வராவிட்டால், அது உதவி அல்ல, கொள்வனவு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது, அந்தக் கடைக்கு வேறு ஆட்களும் வருகிறார்கள். அரசு வறிய குடும்பங்களுக்குத் தரும் அஸ்வெசும கொடுப்பனவை நம்பியிருக்கும் வீட்டில் பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டுமென்றால் அவர்கள் போகக்கூடிய இடம் அதுதான். தெரிவும் நேரமும் உள்ள ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் போய் நல்லதையெல்லாம் எடுத்துவிட்டால், அவர்கள் வரும்போது எஞ்சியிருப்பது என்ன? கோட்டை நீங்கள் எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சப்பாத்து எடுத்தீர்களா?

பாலைப்பழம் எழுதியது:

எடுத்தேன். இரண்டு சோடி. என் மகனுக்கு அடுத்த வருடம் அளவாக இருக்குமென்று நினைத்து வாங்கி வைத்திருந்தேன். வீரைமரத்தின் கேள்வியை வாசித்த அன்றிரவு அவற்றை எடுத்து ஒரு பையில் வைத்துவிட்டேன். வலித்தாலும் கேட்டதற்கு நன்றி.

மூன்று கிழமைகளாகக் கொப்பி முறையைக் கடைப்பிடிக்கிறேன். ஒன்பது பொருட்களை எழுதினேன். திரும்பிப் போனபோது அவற்றில் நான்கு விற்றுப்போயிருந்தன. நான்கை ஏன் எழுதினேன் என்றே விளங்கவில்லை. ஒன்றை வாங்கினேன், அரிசி அளக்கும் சுண்டு, 60 ரூபா, வீட்டில் இருந்தது ஓட்டையாகிவிட்டது. குளக்கட்டு அம்மா சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் முகாமுக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது, எனக்கு அங்கே கிடைத்தது ஓர் ஆண்பிள்ளைச் சேட். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. சேமிப்புப் புத்தகம் திறந்திருக்கிறேன், முதல் பக்கத்தில் 400 ரூபா.

சப்பாத்துகளையும் கோட்டையும் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். சப்பாத்து இரண்டு நாட்களுக்குள் போய்விட்டதாம். கோட் இன்னும் வாசலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நேற்றுப் பார்த்தபோது விலையை 350இலிருந்து 200 ஆகக் குறைத்து எழுதியிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதன் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு வந்துவிட்டேன். கொப்பியில் அதை எழுதவில்லை.