மெத்தை குழி விழுந்திருச்சு, திருப்பிப் போட்டா கல்லு மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

நானுஓயாக்காரி:
ரெண்டரை வருஷத்துக்கு முன்னால ஒரு ஸ்பிரிங் மெத்தை வாங்கினோம். மேல மெத்துன்னு இன்னொரு அடுக்கு வச்சுத் தைச்சது. இப்ப இடுப்பு படுற இடத்துல குழி. "தும்பு மெத்தையை நாங்க புரட்டிப் போடலையா, இதையும் புரட்டு"ன்னாங்க அம்மா. புரட்டினா பலகையில படுத்த மாதிரி இருக்கு. அடிப்பக்கம் கரும்புள்ளியா பூஞ்சணம் வேற. அடுத்தது ரெண்டு பக்கமும் படுக்கிற மெத்தையா வாங்கணுமா?

ஹட்டன் குஷன் கடை:
தங்கச்சி, முதல்ல பழையபடி திருப்பிப் போடுங்க. அது ஒருபக்க மெத்தை. மெதுவான போம் எல்லாம் மேல மட்டும்தான். அடியில இருக்கிறது பாரம் தாங்குற கெட்டி அடுக்கு. தலைமாட்டைக் கால்மாடா மாத்தலாம், மூணு மாசத்துக்கு ஒருக்கா. அவ்வளவுதான். கடையில பார்க்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே துணி, ஒரே தையலான்னு பாருங்க. "இதைப் புரட்டவே தேவையில்ல"ன்னு விக்கிறவர் பெருமையா சொன்னா, புரட்ட முடியாதுன்னு அர்த்தம்!

பண்டாரவளை அக்கா:
மெத்தையைக் குத்தம் சொல்லுமுன்ன கட்டிலைப் பார்த்தீங்களா? மெத்தையைத் தரையில போட்டு, குறுக்கே நேரான தடி ஒண்ணு வையுங்க. குழி காணாமப் போனா கோளாறு கட்டில்ல.

நானுஓயாக்காரி:
பார்த்தேன் அக்கா. தரையில குழி பாதிதான் தெரியுது. கட்டில் ஒரே ப்ளைவுட் பலகை, அதுக்குக் கீழ நடுச்சட்டம் வெடிச்சுப் போயிருக்கு!

பண்டாரவளை அக்கா:
பூஞ்சணத்துக்கும் அந்தப் பலகைதான் காரணம். ராத்திரி உடம்புச் சூட்டோட வேர்வை ஈரமும் மெத்தைக்குள்ள இறங்குது. கீழ பலகை சில்லுன்னு கிடக்கு, காத்துப் போக வழியில்ல, ஈரம் அங்கேயே படியும். உங்க பக்கம் மே மாசம் மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் சுவரே காயாது. ப்ளைவுட்டை எடுத்துட்டு சட்டம் அடிக்கச் சொல்லுங்க. இடையில ரெண்டு மூணு விரல் விட்டா போதும். அதுக்கு மேல விட்டா மெத்தை உள்ள இறங்கும். வெயில் எட்டிப் பார்க்கிற அன்னைக்கு மெத்தையைச் சுவர்ல நிமிர்த்தி வையுங்க. அந்த அறையில ஈர உடுப்பு காயப் போடாதீங்க.

தலவாக்கலை:
எங்க வீட்டுல ரெண்டுபக்க ஸ்பிரிங் மெத்தை. செம பாரம், புரட்ட ரெண்டு ஆள் வேணும். தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போனதுல இருந்து ஒன்பது மாசமா அப்படியே கிடக்கு, குழியும் விழுந்தாச்சு. புரட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு அதுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது வீண்.

ஹட்டன் குஷன் கடை:
அதுவும் சரிதான். அம்மாவுக்குக் கெட்டியா பிடிக்கும்னா, ரப்பர் பால் சேர்த்த தும்பு மெத்தை நாலு இஞ்ச் கனத்துல பாருங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், புரட்டுறதும் அவ்வளவு கஷ்டமில்ல.

நானுஓயாக்காரி:
சட்டம் அடிக்க ஆள் சொல்லியாச்சு. புதுசு வாங்குறதை மழை முடிஞ்சு பார்ப்போம். அந்தக் கரும்புள்ளியை எப்படி எடுக்கிறது?

பண்டாரவளை அக்கா:
வெளியில வச்சு, மூக்கைக் கட்டிக்கிட்டு பிரஷ்ஷால தட்டுங்க. வினாகிரியில தண்ணி கலந்து, துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சு, முழுசா காயவிடுங்க. காஞ்ச பிறகும் முடை நாத்தம் அடிச்சா பூஞ்சணம் போமுக்குள்ள இறங்கியிருக்கும். அப்ப மழை முடியக் காத்திருக்காதீங்க.