செப்சிஸுக்குத் ‘தொற்றுக்குலைவு’: ஒரு பரிந்துரையும் அதற்கான காரணங்களும்

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தொற்றொன்றால் உடலின் உறுப்புகளே செயலிழக்கும் ஆபத்தான நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தமிழாக இங்கே வந்திருக்கும் பரிந்துரைகள் எல்லாவற்றையும் வாசித்தேன். குருதி நஞ்சேற்றம், சீழ்ப்பிடிப்பு, அழுகல்நிலை, தொற்றுச் சீற்றம், கடைசியாக மூதூர் ஆசிரியர் ஐயா முன்வைத்த சன்னி. என் பங்குக்குத் ‘தொற்றுக்குலைவு’ என்பதை முன்வைக்கிறேன். திருகோணமலையில் மருத்துவ விடுதி ஒன்றில் தாதியாகக் கடமையாற்றுகிறேன். சொல்லின் இலக்கணத்தை உங்களில் பலர் என்னைவிட நன்றாக நிறுப்பீர்கள். நான் நிறுத்துப் பார்ப்பது வேறொன்றை. இரவில் கட்டிலருகே இருக்கும் மகளோ மனைவியோ இந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு என்ன விளங்கும்? அடுத்து அவர் என்ன செய்வார்?

2017ஆம் ஆண்டில் உலகில் 4 கோடி 89 இலட்சம் பேருக்கு இந்த நிலை வந்தது, அவர்களில் 1 கோடி 10 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் 2020இல் வெளியான மதிப்பீடு. உலகின் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதே 2017இல்தான் உலக சுகாதாரப் பேரவை இதைத் தனியொரு சிக்கலாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தனை பேரைக் கொண்டுபோகும் ஒன்றுக்கு நம் வீடுகளில் பெயரே கிடையாது. ‘காய்ச்சலில் போனார்’, ‘நியூமோனியாவில் போனார்’, ‘சீனி வருத்தக்காரர், காலில் புண், அதோடு போய்விட்டார்’ என்றுதான் செத்தவீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதில் முதலில் உடன்பட வேண்டும். 2016இல் வெளியான வரையறையின் சாரம் இது: தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை ஒழுங்கு தவறி, அதனால் உறுப்புகள் உயிராபத்து உண்டாகும் அளவுக்குச் செயலிழத்தல். அதற்கு முன்பு தொற்றோடு உடல்வெப்பம், நாடி, மூச்சு, வெண்குழிய எண்ணிக்கை ஆகிய நான்கில் இரண்டு மாறியிருந்தாலே செப்சிஸ் என்றார்கள். தடிமன் காய்ச்சல்காரர்கூட அதில் அகப்பட்டுவிடுவார். இப்போதைய வரையறையில் எடை முழுவதும் உறுப்புகளின்மேல் விழுகிறது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட நிர்ப்பீடனத் தொகுதியே, அதாவது நோயெதிர்ப்பு அமைப்பே, ஒழுங்கிழக்கிறது. குருதிக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, நுண்குழாய்களில் குருதி உறைகிறது, குருதியமுக்கம் விழுகிறது. நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகத் தடுமாறுகின்றன. கிருமி பற்றீரியாவாக இருக்கலாம், வைரசாகவோ பங்கசாகவோ இருக்கலாம்.

இந்த அளவுகோலை வைத்தால் இரண்டு சொற்கள் உடனே கழிந்துவிடுகின்றன. சீழ்ப்பிடிப்பு என்றால் எல்லாரும் சீழைத் தேடுவார்கள்; பெரும்பாலும் இது நுரையீரலிலும் சிறுநீர்ப்பாதையிலும் வயிற்றுக்குள்ளும் தொடங்குவதால் வெளியே எதுவும் தெரியாது. அழுகல்நிலை கிரேக்க மூலத்துக்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரின் பிள்ளையிடம் அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல முடியாது.

குருதி நஞ்சேற்றத்துக்கு இங்கே ஆதரவு அதிகம். நான் அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். குருதி வளர்ப்புச் சோதனையில் எந்தக் கிருமியும் வளராத செப்சிஸ் நோயாளர்கள் ஏராளம். நோய்க்கு நஞ்சேற்றம் என்று பெயர் வைத்துவிட்டு, ‘குருதியில் ஒன்றும் வளரவில்லை’ என்று முடிவையும் சொன்னால், வீட்டார் நிம்மதியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படுவார்கள். இன்னொரு காரணம் எங்கள் மாவட்டத்துக்கு உரியது. கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்வெளிகளில் நஞ்சு என்ற சொல்லுக்கு இரண்டே பொருள்தான் முதலில் வரும். ஒன்று பாம்புக்கடி, அப்படி விளங்கிக்கொண்டவர்கள் விஷகடி வைத்தியரை நினைப்பார்கள். மற்றது பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் குடித்தல். அப்படி விளங்கிக்கொண்டவர்கள் அவமானத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் வராது. எத்தனை நாளாகக் காய்ச்சல், சலம் (சிறுநீர்) எப்போது போனார், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டிய நேரத்தில் அந்த மௌனம் உயிரைக் குடித்துவிடும்.

சன்னி என்ற ஐயாவின் பரிந்துரையில் நான் நீண்டநேரம் நின்றேன். காய்ச்சலோடு சித்தம் கலங்கிப் பிதற்றுவதை நம் முன்னோர் தனியாகக் கண்டு, பெயரிட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாருக்கு வருவதையும் அதோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அது கூர்மையான அவதானிப்பு. செப்சிஸ் மூளையைத் தொடும்போது தோன்றும் குழப்பம் அதற்குள் அடங்கும். மக்களுக்கும் சொல் தெரியும். ஆயினும் ‘சன்னி கண்டுவிட்டது’ என்று நம்மவர்கள் சொல்வது கைவிட்ட குரலில். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற இடத்தில் வரும் சொல் அது. வலிப்புக்கும் அதையே சொல்கிறோம், மனக்குழப்பத்துக்கும் சொல்கிறோம். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றுக்கு, முடிவைக் குறிக்கும் சொல்லை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐயா இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொற்றுச் சீற்றம் அழகான சொல். அழற்சியின் வேகத்தை நன்றாகக் காட்டுகிறது. என் தயக்கம் ஒன்றே: சீற்றம் என்றால் சூட்டை எதிர்பார்ப்போம். முதியவர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது. உடல்வெப்பம் 36 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கி, கை கால் சில்லிட்டு, ‘அம்மா இன்று கதைக்கவில்லை’ என்ற ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள். நிர்ப்பீடனம் சீறுவதோடு நிற்பதில்லை, சோர்ந்து படுத்தும் விடுகிறது. அதனால்தான் வரையறை எழுதியவர்களும் மிகை என்று சொல்லாமல் ஒழுங்கு தவறல் என்றார்கள்.

இனி என் சொல். நிலைகுலைதல், சீர்குலைதல், கட்டுக்குலைதல், உருக்குலைதல் என்று குலைதல் நம்மிடம் எங்கும் பழகிக் கிடக்கிறது. ஒழுங்காக நின்ற ஒன்று ஒழுங்கு இழப்பதையே இவை அனைத்தும் சொல்கின்றன. தொற்றால் வரும் குலைவு, தொற்றுக்குலைவு. காரணமும் விளைவும் ஒரே சொல்லில் நிற்கின்றன. தொற்று என்பது பற்றீரியாவையும் வைரசையும் ஒருங்கே தாங்கும்; கொரோனாக் காலத்துக்குப் பிறகு அதை எந்தக் கிழவிக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒருவர் குலைப்பன் காய்ச்சலை நினைவூட்டி, குழப்பம் வராதா என்று தனிமடலில் கேட்டிருந்தார். மலேரியாவை எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது, சொல்லும் அருகிவிட்டது. நடுக்கக் காய்ச்சல் என்ற பழைய எதிரொலி சற்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் நன்மையே. அடங்காத நடுக்கத்தோடு வரும் காய்ச்சலைக் கண்டு வீட்டார் கவலைப்பட வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

கொழும்பு மொழிபெயர்ப்பாளர் அக்கா எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமானது. குலைவு முற்றிய நிலையைத்தானே சொல்கிறது, சன்னிக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தாதா? அக்கா, குலைவு ஒரே கணத்தில் முடிவதில்லை. வேலி சரியும்போது முதலில் ஒரு கதியால்தான் சாயும். தொற்றுக்குலைவில் அந்த முதற்கதியால் பெரும்பாலும் மூச்சு. நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு எடுப்பது, மேல்குருதியமுக்கம் 100 அல்லது அதற்குக் கீழ் இறங்குவது, சித்தம் மாறுவது ஆகிய மூன்றையும் 2016இல் விரைவு அளவீடாக வைத்தார்கள். அதைத் தனியாக நம்பினால் தொடக்கநிலையில் பலர் தவறிவிடுவதால், செப்சிஸ் சிகிச்சைக்கான 2021இன் சர்வதேச வழிகாட்டி அதை ஒற்றைச் சல்லடையாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. பிரித்தானியாவின் அரச வைத்தியர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய அட்டவணையில் மூச்சு, ஒட்சிசன் அளவு, உடல்வெப்பம், குருதியமுக்கம், நாடி, உணர்வுநிலை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டுத்தொகை 5 ஆனால் வைத்தியர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 ஆனால் உயிராபத்தாகக் கருதி விரைய வேண்டும். இதற்கு ‘முன்னெச்சரிக்கைப் புள்ளி’ என்ற சொல்லே போதும்.

இந்த எண்களிலெல்லாம் மிகவும் புறக்கணிக்கப்படுவது மூச்சு எண்ணிக்கை. நாடியையும் அமுக்கத்தையும் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சை மனிதர்தான் எண்ண வேண்டும், ஒரு முழு நிமிடம், நெஞ்சைப் பார்த்தபடி. நிரம்பி வழியும் விடுதியில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. எல்லாக் கட்டிலுக்கும் 18, 20 என்று எழுதப்படும் குறிப்பேடுகளை உலகெங்கும் காணலாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் உறவினரின் கண் இங்கே எங்களுக்குத் துணை. அவருக்கு ஒரு சொல் கொடுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

சந்தேகம் எழுந்துவிட்டால் வேலைகள் தெளிவானவை. குருதி வளர்ப்புக்கு மாதிரி எடுத்து, தாமதமின்றி நுண்ணுயிரெதிரி மருந்தைத் தொடங்க வேண்டும். குருதியமுக்கம் விழுந்திருந்தாலோ தொற்றுக்குலைவு என்பது பெரும்பாலும் உறுதியென்றாலோ ஒரு மணிநேரத்துக்குள். சந்தேகம் மட்டும் இருந்து அமுக்கம் நிலையாக இருந்தால், மற்றக் காரணங்களை விரைந்து ஆராய்ந்து, சந்தேகம் நீங்காவிட்டால் மூன்று மணிநேரத்துக்குள். இழையங்களுக்குக் குருதியோட்டம் போதாதபோது குருதியில் கூடும் லாக்டேட்டின் அளவைப் பார்க்க வேண்டும். அமுக்கம் விழுந்தவருக்கு முதல் மூன்று மணிநேரத்தில் உடல் எடையின் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லிலீற்றர் சேலைன் போன்ற திரவம் என்பது 2021 வழிகாட்டியின் ஆலோசனை. 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றரை லீற்றர்.

இங்கே எங்கள் ஊருக்கான எச்சரிக்கை ஒன்று அவசியம். 2017இல் டெங்கு கிண்ணியாவை எப்படி உலுக்கியது என்பதை நாங்கள் மறக்கவில்லை. டெங்குவில் திரவம் கசியும் கட்டத்தில் சேலைனை அளந்து அளந்துதான் கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை லீற்றர் ஏற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். வயலில் இறங்கும் சீனி வருத்தக்காரருக்கு எலிக்காய்ச்சலோடு மெலியோய்டோசிஸையும் நினைக்க வேண்டும். மெலியோய்டோசிஸை உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது, வழக்கமான முதல்வரிசை மருந்துகள் பலவற்றுக்கு மசியாதது. ஆகவே சொல்லை ஏற்றுக்கொள்ளும்போது ‘தொற்றுக்குலைவு’ என்று எழுதியதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் வரக்கூடாது. எந்தத் தொற்று என்ற கேள்வி அந்தச் சொல்லின் முதற்பாதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செப்சிஸ் என்றே எழுதிவிடலாமே என்ற சென்னை அன்பருக்கு: குறிப்பேட்டில் அதுவே இருக்கட்டும். எங்கள் விடுதிகளில் தமிழும் சிங்களமும் பேசும் வைத்தியரும் தாதியரும் சேர்ந்து வேலை செய்கிறோம். எங்களுக்குள் அந்தச் சொல்லே ஓடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழில் மருத்துவம் படிப்பித்தபோதுகூடத் தமிழாக்கிய சொற்களும் ஒலிபெயர்த்த சொற்களும் கலந்தே ஓடின. சுவரில் ஒட்டும் அறிவித்தலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உறவினர் தமிழில் கேட்பார், தாதிக்குச் செப்சிஸ் என்று விளங்கும்.

துணைச் சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன். தொற்று தொடங்கிய இடத்தைத் திறந்து சுத்தப்படுத்துவதற்கு ‘மூலநீக்கம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைக் கேட்பவர் மூலநோய்க்கு அறுவைச் சிகிச்சை என்றே நினைப்பார். ‘தொற்றிட நீக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிவித்தலுக்கான வரைவு இது. திருத்தித் தாருங்கள்:

‘காய்ச்சல், புண், சலக்கடுப்பு, நெஞ்சுச்சளி போன்ற தொற்று உள்ளவருக்கு மூச்சு வழக்கத்தைவிட வேகமாக இருந்தால், பேச்சு மாறினால் அல்லது எழுப்பினாலும் எழும்பாவிட்டால், கை கால் சில்லிட்டால், சலம் மிகக் குறைந்தால், உடனே தாதியிடம் வந்து, இது தொற்றுக்குலைவாக இருக்குமா என்று கேளுங்கள். எந்த நேரமும் கேட்கலாம்.’

கடைசி வரியை யாரும் வெட்ட வேண்டாம்.

கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கத்து அன்பர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எந்த விளக்கமும் கொடுக்காமல் ‘தொற்றுக்குலைவு’ என்ற சொல்லை மட்டும் சொல்லி, என்ன விளங்கியது என்று கேட்டு எழுதுங்கள். செப்சிஸில் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு விழும் நிலையான ‘செப்டிக் ஷொக்’ என்பதற்கும் சொல் வேண்டும். அதிர்ச்சி என்று சொன்னால், நோயாளி எதற்குப் பயந்தார் என்று திருப்பிக் கேட்கிறார்கள். ‘தொற்றுக்குலைவுச் சரிவு’ என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். சரிவது குருதியமுக்கம் என்பது அதில் போதுமான அளவு தெரிகிறதா என்று சொல்லுங்கள்.