5 லட்சத்துக்குப் பழைய கார்: ஸ்விஃப்ட் பெட்ரோலா, ஃபிகோ டீசலா?

தென்காசித் தூறல்:
அண்ணன்மாருக்கு வணக்கம். முதல் கார் வாங்கப் போகிறேன். வீடு தென்காசி, வேலை திருநெல்வேலி, வாரத்தில் மூன்று நாள் போய்வர வேண்டும், ஒரு தடவைக்கு 110 கி.மீ. ஆகிவிடும். கையில் 5 லட்சம் வரை இருக்கிறது, லோன் வேண்டாம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2018 மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல், 78,000 கி.மீ. ஓடியது, 5.10 லட்சம் கேட்கிறார்கள், ஒரு ரூபாய் இறங்க மாட்டேன் என்கிறார்கள். இன்னொன்று 2018 ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல், 62,000 ஓடியது, 3.60 சொல்கிறார்கள், குறையும் போலத் தெரிகிறது. அப்பாவோ, "மாருதி என்றால் நாளைக்கே விற்கலாம், மற்றதை வாங்கினால் வாசலிலேயே நிற்கும், கோழிதான் அதில் அடைகாக்கும்" என்கிறார். எனக்கு ஃபிகோவை ஓட்டிப் பார்த்த நாளில் இருந்து தூக்கம் இல்லை. என்ன செய்யட்டும்?

மலைக்கோட்டை மாறன்:
அப்பா பேச்சைக் கேள் தம்பி. இதுவரை நான்கு கார் வாங்கி விற்றவன் சொல்கிறேன், கார் வாங்கும் நாளில் அல்ல, விற்கும் நாளில்தான் அதன் உண்மையான விலை தெரியும். கடையைக் கட்டிக்கொண்டு போன ஒரு கம்பெனியின் கார் என்னிடமும் இருந்தது, பெயர் வேண்டாம். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, சர்வீஸ் ஒன்றுகூட விட்டதில்லை. விற்க எடுத்துக்கொண்டு போனால் கன்சல்டிங்காரர், அதாவது பழைய கார் வியாபாரி, இறங்கிக்கூடப் பார்க்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே லோகோவைப் பார்த்துவிட்டு "90,000 என்றால் விட்டுட்டுப் போங்க" என்றார். மூன்று மாதம் அலைந்து கடைசியில் அதே ஆளிடம் 85,000க்குக் கொடுத்தேன். ஃபோர்டு 2021 செப்டம்பரிலேயே இங்கே கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டது. தெரிந்தே கிணற்றில் விழ வேண்டுமா?

டீசல் தாத்தா:
மாறன் சொன்னதில் உள்ள ஓட்டையை மாறனே காட்டிவிட்டார். வண்டியில் கீறல் இல்லை, பழுது இல்லை, ஆனாலும் விலை இல்லை. அப்படியென்றால் ரீசேல், அதாவது திரும்ப விற்கும்போது கிடைக்கும் விலை என்பது வண்டியின் தரத்துக்குக் கிடைக்கும் மார்க் அல்ல, லோகோவுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை, அவ்வளவுதான். இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்ட் டீசல் என்று ஊரே கொண்டாடியதே, அதில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. அதே இன்ஜின் ஃபியட் புன்டோவிலும் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்ற பெயரிலும் இருந்தது. இன்ஜினைப் பெற்றவன் ஃபியட், ஆனால் பழைய மார்க்கெட்டில் புன்டோவைச் சீந்த ஆள் இல்லை, ஸ்விஃப்டுக்கு வரிசை. இரும்பு ஒன்றுதான், விலைதான் வேறு. தம்பி வாங்குவது பழைய வண்டி என்பதை மறக்க வேண்டாம், ஊர் கொடுக்கும் அந்த மரியாதைக்கான காசைப் பழைய ஸ்விஃப்ட் வாங்குகிறவர்தான் தன் பையில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

மலைக்கோட்டை மாறன்:
தாத்தா, இன்ஜின் மட்டும்தான் காரா? புன்டோவுக்குக் கதவுப் பூட்டு போனால் எங்கே போய் வாங்குவது? ஸ்விஃப்டுக்கு சங்கரன்கோவிலில் பெட்டிக்கடை மாதிரி இருக்கும் ஸ்பேர் கடையில்கூட சாமான் கிடைக்கும். அதுவும் ரிலயபிலிட்டிதான். பழுதே ஆகாத வண்டி உலகத்தில் இல்லை, பழுதானால் மறுநாள் காலையில் ஓட வேண்டும், அதற்குத்தான் ஜனம் காசு கொடுக்கிறது. சும்மா லோகோவுக்கு என்று சொல்லி ஜனத்தை முட்டாளாக்காதீர்கள். அப்புறம் டீசல் வண்டிக்கு 10 வருடம்தான் ஆயுள், 2028இல் தம்பி என்ன செய்வான்?

டீசல் தாத்தா:
10 வருடக் கதை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு. தென்காசிக்கு யார் கொண்டுவந்தது அதை? இங்கே 2018 வண்டிக்கு 2033 வரை ஆர்.சி. செல்லும், அப்புறம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். சாமான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், கன்சல்டிங்காரர் நாற்காலியை எல்லாம் இழுக்காமல்.

வரவுசெலவு வாசுகி:
இருவரும் சண்டை போடுங்கள், நான் கணக்குப் போடுகிறேன், அதுதான் என் தொழில். ஒரு பேச்சுக்கு, ஐந்து வருடம் கழித்து ஸ்விஃப்ட் 3.30க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டம் 1.80. ஃபிகோவைப் பேசி 3.40க்கு வாங்கி, அடிமாட்டு விலையாக 1.60க்கு விற்றாலும் நஷ்டம் அதே 1.80தான். ரீசேல் இருக்கிற வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் கையை விட்டுப் போகிற காசு ஒன்று. ஆனால் ஃபிகோ வாங்கினால், ஸ்விஃப்டை விட மிச்சமாகும் 1.70 லட்சம் பேங்கில் கிடக்கும், ஆறரை வட்டி என்றால் வருடத்துக்கு 11,000. தம்பி ஓட்டப்போவது வருடத்துக்கு 16,000 கி.மீ. பெட்ரோல் 102 ரூபாய், மைலேஜ் 17 என்று வைத்தால் 96,000 ஆகிறது. டீசல் 93, மைலேஜ் 20 என்று வைத்தால் 74,400. வருடத்துக்கு ஏறக்குறைய 21,600 வித்தியாசம்.

இன்னொன்று, 5.10 என்பதே அநியாயம். 2025 செப்டம்பர் 22இல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இல் இருந்து 18 சதவீதம் ஆனது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. அப்போது புது ஸ்விஃப்டின் ஆரம்ப விலையே 5.79 லட்சத்துக்கு வந்துவிட்டது. ஷோரூம் விலைதான், ரோட்டுக்கு வரும்போது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் ஏறும், அதுவும் அடி மாடல்தான். இருந்தாலும் புதுசு இந்த விலையில் நிற்கும்போது 78,000 ஓடிய 2018 வண்டிக்கு 5.10 சொல்கிறவர் இன்னும் பழைய வரியில் வாழ்கிறார். இன்சூரன்ஸ் ஐ.டி.வி., அதாவது வண்டிக்கு இன்சூரன்ஸில் போடும் மதிப்பு, அந்தக் கணக்கில் பிராண்டே கிடையாது, எந்தக் காராக இருந்தாலும் நாலு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் புது விலையில் பாதி கழித்துவிடுவார்கள். ஐந்துக்கு மேல் பேசி வைக்கிற விலைதான். வண்டி மொத்தமாகப் போனால் கையில் வருவது அந்தப் பாலிசியில் எழுதின தொகை, "மாருதி ஆச்சே" என்று யாரும் கூடக் கொடுக்க மாட்டார்கள்.

மலைக்கோட்டை மாறன்:
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது வாசுகி அக்கா. அதில் இன்ஜெக்டர் எங்கே? கிளட்ச் எங்கே? டர்போ எங்கே? ஒன்று போனால் உங்கள் வட்டி இரண்டு வருடத்துக்குக் காலி.

வரவுசெலவு வாசுகி:
62,000த்தில் மூன்றும் சேர்ந்து போகாது. போனால் போகட்டும், ஐந்து வருட டீசல் மிச்சம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறது.

ஸ்பேனர் செல்வம்:
ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன், 22 வருடம். இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் பேசுகிறீர்கள். ஃபிகோ போன்ற தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஓட்டத்துக்கு வேண்டிய சாமான், அதாவது ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், புஷ், இதெல்லாம் மதுரையில் சொன்னால் சாயங்காலம் பஸ்ஸில் பார்சல் வந்துவிடும். சிக்கிக்கொள்வது வேறு இடத்தில். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி ஸ்விட்ச் மாதிரி உடம்புச் சாமான். நின்றுபோன கம்பெனி வண்டி ஒன்று என் பட்டறையில் வலது பக்க ஹெட்லைட்டுக்காக 40 நாள் நின்றது. ஓட்ட முடியாத பழுது இல்லை, ஆனால் ஓனர் தினமும் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பொறுமை உனக்கு உண்டா என்று பார்த்துக்கொள் தம்பி.

இந்த 1.5 டீசலுக்கு டைமிங் பெல்ட், வால்வை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற ரப்பர் பட்டை. ஸ்விஃப்ட் பெட்ரோலுக்குச் செயின், அந்தக் கவலை இல்லை. பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் முட்டி ஹெட்டே காலி, அப்புறம் மாறன் சொல்வதுதான் நடக்கும். பெல்ட்டை மாற்றிவிட்டேன் என்று விற்கிறவர் வாயால் சொன்னால் நம்பாதே, பில் கேள், பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு அந்தக் காசைப் பேரத்தில் கழி.

ரொம்ப முக்கியமானது, எந்த வண்டியாக இருந்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. முன் சீட் மட்டும் இல்லை, பின் சீட்டும்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் முங்கின வண்டிகள் கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, எந்தெந்த ஊருக்குப் போனது என்று கணக்கே இல்லை. சீட் கவரை மாற்றுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டை யாரும் மாற்ற மாட்டார்கள். உருளைக்குள் சுற்றியிருக்கும் கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேறு கோடு போட்டிருக்கும், விரலால் தேய்த்தால் டீத்தூள் மாதிரி உதிரும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தையும், ஸ்டெப்னி குழியையும் பார். கன்சல்டிங்கில் "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்பார்கள். தமிழ்நாட்டில் விற்கிற பழைய கார் எல்லாம் டாக்டர் ஓட்டினது என்றால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தது?

தென்காசித் தூறல்:
செல்வம் அண்ணே, கும்பிட்டுக்கிறேன். இரண்டு பெல்ட் விஷயமும் தெரியவே தெரியாது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றியும் பயமாக இருக்கிறது, 2018 வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஸ்பேனர் செல்வம்:
2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பெட்ரோல் வண்டிகளைத்தான் இ20க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற மாதிரி செய்கிறார்கள். 2018 வண்டி ஓடும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும், ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். டீசலுக்கு இந்தத் தலைவலி இல்லை.

டீசல் தாத்தா:
இதைத்தான் காலையில் இருந்து சொல்கிறேன். அதோடு, ஃபோர்டு மறைமலை நகர் ஆலையைத் திரும்பத் திறக்கப் போவதாக 2024 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஃபிகோ விலை ஏறினாலும் ஏறும்.

மலைக்கோட்டை மாறன்:
தாத்தா, அது ஏற்றுமதிக்கு. இங்கே விற்கப்போவதாக ஒரு வார்த்தை இல்லை. அதுவும் தம்பி பார்க்கிற ஃபிகோ மறைமலை நகரில் பிறந்ததே இல்லை, குஜராத் சாணந்தில் செய்தது, அந்த ஆலையும் 2023 ஜனவரியில் டாடா கைக்குப் போய்விட்டது. பிறந்த வீடே கைமாறிப்போன வண்டிக்கு ரீசேல் கனவா?

டீசல் தாத்தா:
சரி, அந்தப் பாயிண்ட் உமக்கு. ஆனால் லோகோவுக்குத்தான் காசு என்ற பேச்சை விடமாட்டேன். 2019இல் டொயோட்டா கிளான்ஸா வந்ததே, அது மாருதி பலேனோவேதான், சுசுகி ஆலையில் செய்து வேறு பேட்ஜ் குத்தியது. டொயோட்டா அதற்கு 3 வருடம், 1 லட்சம் கி.மீ. வாரண்டி கொடுத்தபோது மாருதி பலேனோவுக்குக் கொடுத்தது 2 வருடம், 40,000. 2024 ஜூலையில்தான் மாருதியும் 3 வருடத்துக்கு வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றின் மேல் மட்டும் கூடுதல் நம்பிக்கையாம்.

வரவுசெலவு வாசுகி:
ஒன்று மறந்துவிட்டேன். இரண்டு வண்டிக்கும் இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பார், அதில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். ஐந்து வருடம் கிளைமே எடுக்காதவருக்கு 50 இருக்கும். பூஜ்யம் என்று இருந்தால், போன வருடம் ஏதோ நடந்திருக்கலாம், என்ன என்று கேள். அந்த போனஸ் ஓனரோடு போய்விடும், வண்டியோடு உனக்கு வராது, அதனால் உன் பிரீமியம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள். லோன் ஓடின வண்டி என்றால் எச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு, கேன்சல் ஆகாமல் ஒரு பைசா கொடுக்காதே.

தென்காசித் தூறல்:
ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்விஃப்டில் சீட் பெல்ட் சுத்தம், ஆனால் பாலிசியில் போனஸ் பூஜ்யம். கேட்டதற்கு "சின்னக் கீறல்தான்" என்றார், டிக்கி ஓரத்தில் பெயிண்ட் ஒரு நூல் வித்தியாசம். 5.10இல் இருந்து 5.05க்கு இறங்கினார், பெரிய மனசு. ஃபிகோவில் போனஸ் 50, டைமிங் பெல்ட் மாற்றின பில் இல்லை. செல்வம் அண்ணன் சொன்ன மாதிரி அதைச் சொல்லிப் பேசினேன், 3.30க்கு வந்து நிற்கிறார். அப்பா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை மூன்று தடவை சாத்திச் சாத்திப் பார்த்தார். "கதவு சத்தம் அம்பாசடர் மாதிரி இருக்குடா" என்றார். அப்புறம் வீடு வரும்வரை கோழி பற்றிப் பேசவே இல்லை.

மலைக்கோட்டை மாறன்:
வாங்கு, வாங்கு. விற்கும்போது என்னிடம் வந்து அழாதே.

டீசல் தாத்தா:
விற்கும்போது என்னிடம் வா தம்பி, 1.60க்கு இப்போதே கை நீட்டி வைக்கிறேன்.

ஸ்பேனர் செல்வம்:
வாங்கின மறுநாள் நேரே பட்டறைக்கு வா. டைமிங் பெல்ட் மாற்றாமல் திருநெல்வேலி பக்கம் திருப்பாதே.