ஊடுபாய்வு: ‘ஸ்டெடி-ஸ்டேட் எகானமி’க்குச் சொல் தேடும்போது முதலில் வேண்டிய சொல்

பொருள்: ஸ்டெடி-ஸ்டேட் எகானமி – தமிழில்?

குழுவினருக்கு வணக்கம்.

சூழலியல் பொருளாதாரச் சொற்பட்டியலில் ‘ஸ்டெடி-ஸ்டேட் எகானமி’ (பருத்துக்கொண்டே போகாமல் ஒரே அளவில் தன்னைப் பேணிக்கொள்ளும் பொருளாதாரம்) என்ற இந்த ஒரு சொல் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை மூன்று: நிலையான பொருளாதாரம், சமநிலைப் பொருளாதாரம், தேக்கநிலைப் பொருளாதாரம். மூன்றையும் தள்ளிவிடலாம் என்பேன்.

‘தேக்கநிலை’ நேர் எதிர்ப்பொருள் தருகிறது. வளர்ந்துகொண்டே இருப்பதற்கென்று கட்டிய பொருளாதாரம் வளராமல் நின்றால் வேலை போகும், கடன் முடங்கும், அதுதான் தேக்கம். இந்தக் கருத்தை வளர்த்த அமெரிக்கச் சூழலியல் பொருளாதார அறிஞர் ஹெர்மன் டேலி பேசியது வேறு அமைப்பைப் பற்றி. நடுவானில் நின்றால் விமானம் விழும், ஹெலிகாப்டரோ நிற்பதற்காகவே செய்யப்பட்டது என்பது அவர் காட்டிய வேறுபாடு.

‘நிலையான’ என்பதை வளர்ச்சிக்கும் ஒட்டிவிட்டோம், அரசுக்கும் ஒட்டிவிட்டோம், வங்கி வைப்புக்கும் ஒட்டிவிட்டோம். இனி அதில் பொருள் மிச்சமில்லை.

‘சமநிலை’ கொஞ்சம் ஏமாற்றும். ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை உலையிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால், சற்று நேரத்தில் கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை மாறாமல் நிற்கும். ஆனால் வெப்பம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதுதான் ஸ்டெடி-ஸ்டேட். உலையையும் பனிக்கட்டியையும் எடுத்துவிட்டால் கம்பி முழுதும் ஒரே வெப்பநிலைக்கு வந்து ஓட்டமே நின்றுபோகும். அது சமநிலை. அந்த நிலையில் உள்ள பொருளாதாரத்துக்குப் பாடைதான் கட்ட வேண்டும்.

ஆக, ‘எது மாறாமல் இருக்கிறது, எது ஓடுகிறது’ என்பதைச் சொல் காட்ட வேண்டும். டேலியின் வரையறையில் மாறாதிருப்பவை மக்கள்தொகையும், வீடு, பாலம், இயந்திரம் போன்ற செய்பொருள்களின் இருப்பும். அந்த இருப்பைப் பழுதில்லாமல் வைத்திருக்க ஓடுவது ‘த்ரூபுட்’. கனிமம், நிலக்கரி, மரம், மீன் என்று இயற்கையிலிருந்து எடுத்து, ஆலையும் வீடும் கடந்து, புகை, சாக்கடை, குப்பை என்று இயற்கையிலேயே கொட்டும் ஓட்டம் அது. 1970-இல் உலகம் தோண்டியும் அறுத்தும் எடுத்த பொருள் சுமார் 2,700 கோடி டன். 2017-இல் சுமார் 9,200 கோடி டன். உள்நாட்டு உற்பத்தி ரூபாயில் அளக்கப்படுகிறது, இந்த ஓட்டமோ டன்னிலும், ஆற்றல் அலகான ஜூலிலும். இதற்குச் சொல் இல்லாமல் மற்றதற்குச் சொல் தேடுவது கடைக்கால் எடுக்காமல் சுவர் எழுப்புவது.

என் முன்மொழிவு: ஊடுபாய்வு.

---

மறு: ஸ்டெடி-ஸ்டேட் எகானமி – தமிழில்?

> என் முன்மொழிவு: ஊடுபாய்வு

உள்ளீடு, வெளியீடு இருக்கையில் ‘ஊடீடு’ என்றால் ஒரே குடும்பமாக நிற்குமே? ‘ஊடுபயிர்’ என்பதில் ஊடு ‘இடையில்’ என்ற பொருளில் வருவதும் இடறுகிறது. கணினித் துறையிலும் த்ரூபுட் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

---

மறு: மறு: ஸ்டெடி-ஸ்டேட் எகானமி – தமிழில்?

வணக்கம் ஐயா.

ஊடீடு வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, நாக்கு தடக்கும். ‘ஈடு’ என்றால் எங்கட பக்கத்தில் முதலில் அடகும் நட்டஈடும்தான் நினைவுக்கு வரும். ‘ஊடுகதிர்’ (எக்ஸ்ரே) இருக்கிறபடியால் ‘துளைத்துக் கடந்து’ என்ற பொருளும் ஊடுவுக்குப் பழக்கமானதுதான்.

கணினிக்கு வேறு சொல் இருப்பதே நல்லது. அங்கே த்ரூபுட் என்பது ஒரு நொடியில் முடிகிற வேலையின் அளவு, கூடக்கூட நன்மை. இங்கே அது செலவு. அதே இருப்பைக் குறைந்த ஊடுபாய்வில் பேணினால்தான் திறமை.

இன்னும் இரண்டு விடயம். ஸ்டெடி-ஸ்டேட்டுக்கு ‘எல்லைப் பொருளாதாரம்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் எல்லைப் பயன்பாடு, எல்லைச் செலவு என்பவை தமிழகத்தில் ‘இறுதிநிலை’ (மார்ஜினல்) என்று எழுதுவதற்கு உரிய சொற்கள். மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

மற்றது ‘வளர்ச்சி’. இதுதான் பெரிய சிக்கல். டேலியின் வாதம் முழுவதும் ஒரு பிரிப்பில் நிற்கிறது: பொருளளவில் பருப்பது வேறு, தரத்தில் மேம்படுவது வேறு; முதலாவதற்கு வரம்பு உண்டு, இரண்டாவதற்கு அப்படியில்லை. இலங்கையில் வளர்ச்சி, அபிவிருத்தி என்று இரண்டு சொல் கைவசம் உண்டு. தமிழகத்தில் மேம்பாடு, முன்னேற்றம் என்று சில நூல்கள் பிரித்தாலும், பத்திரிகையில் இரண்டுக்கும் ‘வளர்ச்சி’தான். அங்கே ‘வளர்ச்சிக்கு வரம்பு’ என்று எழுதினால் ஊருக்கு ஆசுபத்திரி வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் வாசகர் எடுப்பார்.

ஸ்டெடி-ஸ்டேட்டுக்கு அளவுநிலைப் பொருளாதாரம் எப்படி? டேலிக்கு முதல் கேள்வியே மொத்த அளவு பற்றியது. கப்பல்களில் பாரக்கோடு உண்டு, பிரித்தானியாவில் 1876-இல் சட்டமானது. சரக்கை எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்து அடுக்கினாலும் மொத்தப் பாரம் கோட்டைத் தாண்டினால் கப்பல் தாழும். சந்தை செய்வது அடுக்கும் வேலை. கோடு கீறுவது அதன் வேலையல்ல. மயிலிறகே ஆனாலும் அச்சு முறியும் என்று அறிந்த மொழிக்கு இது புதிதுமல்ல.

---

மறு: மறு: மறு: ஸ்டெடி-ஸ்டேட் எகானமி – தமிழில்?

அளவுநிலை, ஊடுபாய்வு இரண்டும் சரி. கொள்கை ஆவணத்தில் தாங்குமா என்று டேலியின் மூன்று விதிகளை எழுதிப் பார்த்தேன்:

புதுப்பிக்கத்தக்க வளத்தின் ஊடுபாய்வு அது மீண்டும் விளையும் வேகத்தைத் தாண்டக்கூடாது. கழிவின் ஊடுபாய்வு சூழலின் ஏற்புத்திறனைத் தாண்டக்கூடாது. புதுப்பிக்கவியலா வளத்தை, அதற்குப் புதுப்பிக்கத்தக்க மாற்று உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்கக்கூடாது.

தாங்குகிறது. ‘கேப்’ என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘உச்சவரம்பு’ 1961-இன் தமிழக நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டம் பினாமிப் பெயர்களில் எப்படிக் கசிந்தது என்பதும் தெரியும். அந்த நினைவு கூடவே வருவது நல்லதுதான்.

ஆனால் பதிவில் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: உச்சவரம்பு எதன்மேல்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அது முயற்சியின் மேல் வைத்த வரம்பு. மிச்ச நாள்களில் இன்ஜின் குதிரைத்திறன் கூடினால் கரைக்கு வரும் டன் குறையாது. அதை ஊடுபாய்வு உச்சவரம்பு என்று எழுதினால் பிழை.

டன்னில் வரம்பு வைத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு, இவ்வளவு டன்தான் பிடிக்கலாம் என்ற ஆண்டு ஒதுக்கீடு இருந்தது. இழுவைப் படகு ஒரு மணி நேரத்தில் பிடிப்பதை வைத்துக் கடலின் இருப்பைக் கணித்தார்கள். இருப்பு குறையக் குறைய மீன் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டது, ஒலியலைக் கருவி அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது, வலை நிறைந்தது, கணக்கும் நன்றாகவே தெரிந்தது. 1968-இல் சுமார் 8 லட்சம் டன் பிடிபட்ட இடத்தில் 1992 ஜூலையில் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள். ஆகவே ‘இருப்பு’, ‘மீள்விளைச்சல்’, ‘ஊடுபாய்வு’ மூன்றும் தனித்தனிப் பதிவாக இருக்கட்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகித்ததுதான் அங்கே நடந்த தவறு.

---

மறு: மறு: மறு: மறு: ஸ்டெடி-ஸ்டேட் எகானமி – தமிழில்?

நன்றி. பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

ஊடுபாய்வு (பெ.): இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டு, பொருளாதாரத்தைக் கடந்து, கழிவாகவும் வெப்பமாகவும் வெளியேறும் பொருள், ஆற்றல் ஆகியவற்றின் ஓட்டம். அலகு: ஆண்டுக்கு டன், ஆண்டுக்கு ஜூல். பணமதிப்பு சேராது. இருப்பு, மீள்விளைச்சல் காண்க.

அளவுநிலைப் பொருளாதாரம் (பெ.): மக்கள்தொகையும் செய்பொருள் இருப்பும் ஏறத்தாழ மாறாமல், சூழல் தாங்கும் ஊடுபாய்வால் பேணப்படும் பொருளாதாரம். தேக்கநிலை, சமநிலை ஆகியவற்றிலிருந்து வேறுபட்டது.

ஊடுபாய்வு உச்சவரம்பு (பெ.): ஓர் ஆண்டில் அனுமதிக்கும் ஊடுபாய்வின் மேலளவு. நாள், படகு, இன்ஜின் மீதான கட்டுப்பாடுகள் இதில் அடங்கா.

‘டீக்ரோத்’துக்கு (பொருளாதாரத்தின் அளவைத் திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்ற கருத்து) வந்திருந்த ‘வளர்ச்சிக் குறைப்பு’ இலங்கை நண்பர் சொன்ன அதே ஆசுபத்திரிச் சிக்கலில் மாட்டுகிறது. ‘ஊடுபாய்வுக் குறைப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘டீக்ரோத்’தின் பிரெஞ்சு மூலச்சொல்லில் உள்ள, வளர்ச்சியையே எதிர்க்கும் சீண்டல் இதில் இல்லை என்று யாராவது சொல்லலாம், உண்மைதான், இல்லை. சீண்டலோடு வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.