பிலிப்பி சிறை: இருட்டில் பவுலுக்கு எப்படித் தெரிந்தது?

திண்ணைவாசி:
பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் சிறைக்காட்சி எல்லாமே ஒரே அச்சு, அடைப்பார்கள், தூதன் வருவான், தப்பிப்பார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுத்தான் எழுதினாரா? 5, 12ஆம் அதிகாரங்களில் தூதன் வருகிறான், சரி. 16இல், பவுலும் சீலாவும் பிலிப்பி நகரச் சிறையில் இருக்கும்போது, தூதனே கிடையாது. பூமி அதிர்கிறது, கதவெல்லாம் திறக்கிறது, எல்லாருடைய கட்டும் கழல்கிறது, ஒருத்தரும் ஓடவில்லை. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைக்காரன் தன்னைக் கொல்லப் பட்டயத்தை (வாளை) உருவுகிறான், எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் சத்தமிடுகிறார். ஓடாததுதான் அந்தக் கதையே!

கருவேலன்:
எழுதியது நான்தான். நள்ளிரவு, பவுலும் சீலாவும் இருப்பது உட்காவலறை. சிறைக்காரன் விளக்கு கேட்பதே 29ஆம் வசனத்தில். அதற்கு முன்பே அவன் பட்டயத்தை உருவியது பவுலுக்கு எப்படித் தெரிந்தது? கதைக்காகச் செய்த வசதி.

திண்ணைவாசி:
கதவு திறந்திருப்பதை அவன் "கண்டு" என்று 27இலேயே இருக்கிறதே, வெளிச்சமே இல்லாமலா கண்டான்? கரண்ட் போன வீட்டில் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், வாசலில் நிற்பவன் உருவம் தெரியும், அவனுக்கு நாம் தெரிய மாட்டோம். அவன் சாகத் துணிந்த காரணத்தைக் கேளுங்கள். 12இல் பேதுருவுக்கு நாலு நாலு பேராக 16 சேவகர் காவல். அவர் தப்பியதும் ஏரோது காவலர்களைத்தான் கொல்லச் சொன்னான். அந்தப் பயம்தான் இவனுக்கும்.

கருவேலன்:
கதவைக் கண்டது அவன். பட்டயத்தைப் பவுல் எப்படிக் கண்டார்? யோவான் ஸ்நானன் பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான், அவர் சிறையிருந்த மக்கேருஸ் கோட்டை சுவிசேஷத்தில் எங்கே என்று கேட்டதும் பேச்சை மாற்றினீர்கள்.

திண்ணைவாசி:
யார் மாற்றியது? அந்தப் பெயரைத் தருபவர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜொசிபஸ்) என்று அன்றே எழுதினேன், உங்களுக்குத்தான் படிக்கப் பொறுமை இல்லை.

மாடப்புறா:
அண்ணே, ரெண்டு பேரும் கதவிலேயே நிற்கிறீர்கள். செசரியா நகரில் ரோம ஆளுநன் பேலிக்ஸ் லஞ்சப் பணம் கிடைக்குமென்று பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், 2 வருஷம் கழிந்தும் விடவில்லை. அங்கே அற்புதமே இல்லை. ரோமில் வாடகை வீட்டுக்காவல், இன்னொரு 2 வருஷம். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

திண்ணைவாசி:
தங்கச்சி சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். ஒரே அச்சாம்!

கருவேலன்:
நான் கேட்டது பட்டயம். பதில் இன்னும் வரவில்லை.

திண்ணைவாசி:
வந்தாயிற்று, மேலே போய்ப் படியுங்கள். பவுல் "கண்டார்" என்று வசனத்தில் இல்லவே இல்லை, சத்தமிட்டார் என்றுதான் இருக்கிறது. வேறு யாராவது வாதம் இருந்தால் வாருங்கள், 12ஆம் அதிகாரத்தை இரவு வரிவரியாகப் போடுகிறேன்.